இணைய அசைவூட்டமும் அணுகல்தன்மையும்

இணையப் பக்கத்தில் நகர்வதும் மின்னுவதும் உருளுவதும் பார்ப்பவரின் உடலைப் பாதிக்காமல், அவர் விரும்பினால் நின்றுவிடும்படி அமைப்பதே அணுகத்தக்க அசைவூட்டம். வலிப்பு நோய், உட்காதுக் கோளாறு, ஒற்றைத் தலைவலி, கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு இது உடல்நலம் சார்ந்த தேவை.

மின்னும் படங்களின் ஆபத்தை உலகம் பரவலாக உணர்ந்தது 1997 டிசம்பர் 16 அன்று. ஜப்பானில் 'போக்கிமான்' என்ற அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னிய காட்சியைப் பார்த்த அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.0 என்ற அணுகல் வழிகாட்டியில் இதற்கான வரம்பு உண்டு: எதுவும் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாகத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் நகரும் எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. சொடுக்கும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ எழும் அசைவை அணைக்க வழி வேண்டும் என்ற விதி 2018இல் 2.1 பதிப்பில் வந்தது. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மிகவும் வேண்டிய விதி இதுதான். ஆனால் அது மிக உயர்ந்த தரநிலையில் வைக்கப்பட்டிருப்பதால் பலரும் கடைப்பிடிப்பதில்லை. இது பெரிய குறை.

இந்த விதிகள் நடைமுறையில் ஏன் வேண்டும் என்பதற்குப் பட்டுச் சேலைக் கடை நல்ல எடுத்துக்காட்டு. வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றித் தறிகளும் பட்டுக் கடைகளும் நிறைந்த சின்ன காஞ்சிபுரத்தின் சேலைகளை இன்று இணையத்திலும் வாங்கலாம். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை வாங்குபவர் முதலில் பார்ப்பது உடலும் கரையும் சேரும் இடத்தை. அங்கே ரேக்கு எனப்படும் பல்வரிசை வேலைப்பாட்டின் பற்கள் ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று கண்ணை ஊன்றித்தான் பார்க்க முடியும். அதற்குள் படங்களைத் தானாக மாற்றும் ஸ்லைடர் அடுத்த சேலைக்குத் தாவிவிட்டால் படம் போட்டதே வீண். பார்வை குறைந்தவர் திரையைப் பெரிதாக்கி ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இன்னும் திணறுவார். படம் நின்றபடி இருக்கட்டும். மாற்றும் பொத்தான் வாங்குபவர் கையில் இருக்கட்டும். அது விசைப்பலகையிலும் இயங்க வேண்டும். 'மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, தாழம்பூ ரேக்கு' என மாற்று உரை தந்தால் திரைப்படிப்பான் அதை வாசித்துச் சொல்லும்.

அசைவே வேண்டிய இடமும் உண்டு. மயில்கழுத்து நிறத்தில் பாவும் ஊடையும் வேறு வேறு நிறம். துணி அசைந்தால்தான் இரண்டாவது நிறம் தெரியும். இங்கே அழுத்தினால் ஓடும் சிறு காணொளி சரியானது. ஆனால் ஜரிகை பளபளப்பதாகக் காட்டப் படத்தை விட்டு விட்டு மின்னச் செய்வது தவறு. மிளகாய்ப்பழச் சிவப்பில் அது இன்னும் மோசம்: அடர்ந்த சிவப்பு மின்னல்தான் வலிப்பை எளிதில் தூண்டக்கூடியது.

ஐபோனில் அசைவைக் குறைக்கும் அமைப்பு 2013 முதல் உண்டு; ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. பயனரின் அந்த விருப்பத்தை இணையதளம் அறிய உதவுவது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' வசதி. அந்த விருப்பம் இருப்பதைக் கண்டதும் நகர்வை விட்டு மெல்லத் தோன்றி மறையும்படி மாற்றினால் போதும். இடம், அளவு மாறும் அசைவுகளை சிஎஸ்எஸ்ஸின் 'ட்ரான்ஸ்ஃபார்ம்' பண்பு கொண்டு எழுதினால் மலிவான கைப்பேசியிலும் திக்காமல் ஓடும்.

அரசு, கோயில் இணையதளங்களில் ஓடும் செய்தி வரி இன்னும் பரவலாக இருக்கிறது. அதற்கான 'மார்க்கீ' குறியை எச்டிஎம்எல் தரம் வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டது. நீண்ட தமிழ்ச் சொற்கள் ஓரத்தில் பாதி மறைந்து ஓடும்போது மெதுவாகப் படிப்பவருக்கு வரி பிடிபடுவதே இல்லை. நிலையான பட்டியலே போதும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசோடு தனியார் சேவை வழங்குநர்களையும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்படுத்துகிறது; ஐஎஸ் 17802 அதற்கான தொழில்நுட்பத் தரம். மின்னணு அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.