வைப்புப் பணமும் வங்கிகளின் உடன்படிக்கையும்

ஒரே வீதியில் வணிகர் பலர் கடை விரித்தால் வாங்குவோர்க்கு நன்மை உண்டாகும் என்பது பொது நம்பிக்கை. ஆயின் அவ்வணிகர் யாவரும் ஓரிடத்திற் கூடி விலையை முன்னரே வரையறுத்துக் கொள்வராயின், கடைகள் பலவாயினும் விலை ஒன்றே. பண்டத்துக்கு மட்டுமன்றிப் பணத்துக்கும் இது பொருந்தும் என்பதை இலண்டன் வங்கிகளின் வரலாறு காட்டுகின்றது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மக்களின் பணத்தைப் பெரும்பாலும் தனியார் வங்கிக் குடும்பங்களே பேணி வந்தன. வைப்புக்கு வட்டி வழங்குதல் அவர்களிடையே பொதுவாக வழக்கமன்று. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுப்பங்கு வங்கிகளுக்கு அந்நகரில் வழிதிறந்தது. மறு ஆண்டிலே இலண்டன் அன்ட் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி தோன்றி, வைப்புக்கு வட்டி தர முன்வந்தது. பழைய வங்கியாளர் இதனை விரும்பவில்லை. வங்கிகள் நாள்தோறும் தம்மிடையே காசோலைகளை மாற்றிக் கணக்குத் தீர்க்கும் தீர்வகத்தினுள் புதியவர்களை அவர்கள் அனுமதிக்க மறுத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1854இலேயே அக்கதவு திறந்தது.

வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தபின் காட்சி மாறிற்று. இங்கிலாந்து வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்திலிருந்து குறித்த அளவு குறைத்து வைப்பு வட்டியை நிர்ணயிக்கும் வழக்கம் வேரூன்றியது. வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தமையால், முதலாம் உலகப் போரின் முடிவில் ஐந்து பெருவங்கிகளே முதன்மை பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வைப்பு வட்டி, வங்கி வீதத்திலும் 2 சதவீதம் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது அவற்றிடையே ஒப்புக்கொள்ளப்பட்ட விதியாயிற்று. 1957 செப்டெம்பரில் வங்கி வீதம் 7 சதவீதமாக உயர்ந்தபோது, வைப்பாளர் எந்தப் பெருவங்கியை நாடினும் அவருக்குக் கிடைத்தது 5 சதவீதமே. நடைமுறைக் கணக்கில் இட்ட பணத்துக்கோ வட்டியே இல்லை.

இதனாற் போட்டி ஒழிந்துவிட்டதா? இல்லை, அது இடம்மாறியது. வட்டியிற் போட்டியிட இயலாத வங்கிகள், தெருவுக்குத் தெரு கிளைகளைத் திறந்து போட்டியிட்டன. அச்செலவின் ஒரு பகுதியை ஏற்றவர் குறைந்த வட்டி பெற்ற வைப்பாளரே. 1969 யூலை முதலாந் திகதி முதல், வங்கிகள் யாவும் ஒருங்கே சனிக்கிழமைகளிற் கதவடைத்தன.

உடன்படிக்கைக்கு ஆதரவான நியாயங்களும் உண்டு. வட்டிப் போட்டி மிகுந்தால், கூடிய வட்டியை ஈடுசெய்ய வங்கிகள் ஆபத்தான கடன்களை வழங்கக்கூடும். வங்கி முறிந்தால் வைப்பாளரின் முதலே அழியும். ஆயினும் 1967இல் விலைகள், வருமானங்கள் பற்றிய தேசிய சபை இவ்வுடன்படிக்கையைக் கண்டித்து, அது கைவிடப்படல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1971 செப்டெம்பரில் அது முடிவுக்கு வந்தது.

எனினும் அதன் நற்பயன் சிறு வைப்பாளரை உடனே சென்றடையவில்லை. பெருந்தொகை உடையோர் சந்தை வட்டியைப் பெற்றனர். 1973 செப்டெம்பரில், 10,000 பவுணுக்குக் குறைந்த வைப்புகளுக்கு 9½ சதவீதத்துக்கு மேல் வட்டி தர வேண்டாமென இங்கிலாந்து வங்கி கேட்டுக்கொண்டது. வீடு வாங்கக் கடன் வழங்கும் சங்கங்களிடமிருந்து மக்களின் பணம் வங்கிகளுக்குப் பெயராதிருத்தலே அதன் நோக்கம். 1974இல் விலைவாசி ஏறத்தாழ 16 சதவீதம் உயர்ந்தது. எனவே அவ்வாண்டில், வட்டியைச் சேர்த்த பின்னும் சிறு சேமிப்பாளரின் பணம் தன் பெறுமதியில் ஒரு பகுதியை இழந்தது. 1975 பெப்ரவரியிலேயே அவ்வரம்பு நீங்கிற்று.

இவ்வாறு காக்கப்பட்ட சங்கங்களும் 1939 முதல் தமக்கென ஒரு வட்டி உடன்பாட்டைப் பேணி வந்தவையே. 1983இல் அது குலைந்தது. அதன்பின் அவற்றுட் சில வங்கிகளின் எல்லைக்குள்ளேயே புகுந்தன. 1987இல் நேஷன்வைட் ஆங்கிலியா சங்கம் வட்டி தரும் நடைமுறைக் கணக்கை வழங்கியது. பெருவங்கிகளும் பின்னர் அவ்வழியைப் பின்பற்ற நேர்ந்தது.

1834இலும் 1987இலும் சிறு வைப்பாளருக்கு நன்மை வந்த வழி ஒன்றே. வட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவர் கூடுதலாகத் தர முன்வந்தார். உள்ளே இருந்தோர் அதன் பின்னரே அசைந்தனர். வட்டத்துக்குள் நுழைந்தவர் தாமே அதன் காவலராக மாறுவதும் இவ்வரலாற்றிற் காணப்படுகின்றது. ஆகவே, வங்கிகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாது, புதியவர் நுழையக் கதவு திறந்திருக்கின்றதா என்பதையும் ஆராய்வது சேமிக்கும் மக்களின் நலன் கருதுவோரின் கடனாகும்.