கடுமை

கடுமை என்பது ‘கடு’ என்னும் அடியில் பிறந்த பண்புப்பெயர். கண்டிப்பு, இரக்கமின்மை, தாங்க முடியாத மிகுதி ஆகியவை இன்று இதற்கு வழங்கும் பொருள்கள். சங்க நூல்களில் விரைவும் வலிமையும் முந்தி நிற்கின்றன: கடுந்தேர் விரைந்தோடும் தேர், கடுமான் விரையும் குதிரை, கடுவளி பெருங்காற்று. இதற்கு நெருங்கிய ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூர்மை, காப்பு, மிகுதி, அச்சம் எனப் பல பொருள் தரும் தொல்காப்பியம் கரிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ‘கடு’ தனித்து நின்று நஞ்சையும் குறிக்கும்.

களப்பிரரிடமிருந்து நாட்டை மீட்டவனாக வேள்விக்குடிச் செப்பேடு கூறும் பாண்டியன் பெயர் கடுங்கோன். வலிமை மிக்க அரசன் என்பதே பொருள். இதைக் கொடுங்கோலனோடு குழப்பக் கூடாது. திருக்குறளில் பொருள் மாறிவிடுகிறது. இல்வாழ்வானுக்கு ஆகாதது வன்சொல். அரசனைக் கெடுப்பவையாக ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரம் சொல்வன கடுஞ்சொல்லும் கடுமொழியும். அதிகாரத்தோடு சேரும்போதுதான் சொல் கடுமையாகிறது போலும்.

சட்டத் தமிழில் இது ‘கடுங்காவல்’. உழைப்பில்லாத சிறை வெறுங்காவல். கட்டாய உழைப்போடு கூடியது கடுங்காவல். பெயரில் காவல்தான் இருக்கிறது, உழைப்பு இல்லை. அந்த உழைப்பு எத்தகையது என்பதைத் தூத்துக்குடிக் கரை நன்கறியும். கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூசு எழுதுகிறது. தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனாருக்கு 1908இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பிற்காலத்தில் பதிப்பித்தவரும் அவரே.

பேச்சில் இச்சொல் உடம்போடு ஒட்டியே வாழ்கிறது. கால் கடுக்க நிற்பதுண்டு. கோடையில் நீர்க்கடுப்பு வரும். எரிச்சலைக் குறிக்கும் ‘கடுப்பு’ இளைஞர் வழக்கில் பரவியது. பால் சேர்க்காதது கடுங்காப்பி. இதில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை.

‘கடுதாசி’ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.