அரக்கர் குறிப்பு (மேசை விளையாட்டு)

அரக்கர் குறிப்பு என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் எதிர்ப்படும் அரக்கர், விலங்கு முதலியவற்றின் பண்புகளைச் சுருக்கித் தரும் குறிப்பாகும். ஆட்டத்தை நடத்துபவர் விதிநூலைப் புரட்டாமல் மோதலை நடத்த இது உதவுகிறது.

வரலாறு

கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974 இல் வெளியானது. அதிலேயே அரக்கர் பண்புகள் அட்டவணையாகத் தரப்பட்டன. 1977 இல் வெளியான மான்ஸ்டர் மேனுவல் ஒவ்வோர் அரக்கருக்கும் தனிப் பதிவு தந்தது.

சுருக்கும் முறை

காப்பு எண், உயிர்ப்புள்ளி, வேகம், தாக்குதல் ஆகியவை ஓரிரு வரிகளில் எழுதப்படும். எடுத்துக்காட்டாக, 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி டிரோல் என்னும் அரக்கரின் குறிப்பு பின்வருமாறு:

காப்பு 15, உயிர் 84, வேகம் 30 அடி, ஒரு கடி, இரு நகக்கீறல்.

இங்கு 84 என்பது, எட்டுப் பத்துமுகப் பகடைகளின் சராசரியான 44 உடன் 40 ஐக் கூட்டிப் பெறப்படுவது. சராசரியைக் கொள்வதால் பகடை உருட்டும் நேரம் மிஞ்சுகிறது.

நீக்கக்கூடாதவை

எண்கள் மட்டும் போதா. டிரோல் தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 உயிர்ப்புள்ளிகளை மீளப்பெறும். உயிர் 0 ஆனாலும் எழுந்துவிடும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறையில் மீளாது. இவ்விதி விடுபட்டால் டிரோல் வெறும் வாள்வீச்சிலேயே வீழும். ஆடுவோர் தீயைத் தேடவேண்டிய தேவையே எழாது. ஆகவே தோற்றம், வாழிடம் பற்றிய விவரிப்பைச் சுருக்கலாம். மோதலின் போக்கை மாற்றும் விதியை நீக்கலாகாது.