மரபணு வளப் பகிர்வு உடன்படிக்கைகள்

தாவரம், விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றின் மரபுக்கூறுகளை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ எடுத்துக்கொள்வோர், அவை தோன்றிய நாட்டின் இசைவைப் பெறவும், விளையும் பயனில் அந்நாட்டுக்கும் அவற்றைப் பேணிவந்த மக்களுக்கும் பங்கு தரவும் கடமைப்பட்டவர்கள் என வகுக்கும் பன்னாட்டுச் சட்ட ஏற்பாடுகள் மரபணு வளப் பகிர்வு உடன்படிக்கைகள் எனப்படும்.

நெடுங்காலம் இத்தகைய கடப்பாடு எதுவும் இருந்ததில்லை. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஆசிய ரப்பர்த் தோட்டங்களுக்கு அடிப்படையானது. அத்தோட்டங்களின் போட்டியால் பிரேசிலின் ரப்பர் வணிகம் பின்னர் சரிந்தபோது, அந்நாடு இழப்பீடு கோரச் சட்ட வழி ஏதும் இல்லை. 1983இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஏற்ற இணக்க அறிக்கையும் பயிர் மரபணு வளங்களை மனித குலத்தின் பொதுச் சொத்தாகவே கருதியது. பெருந்தன்மையானதாகத் தோன்றினாலும் இக்கொள்கை ஒரு பக்கம் சாய்ந்தே இயங்கியது: உழவரின் விதை விலையின்றிச் செல்ல, அதிலிருந்து உருவான புதிய ரகங்கள் உரிமைக் காப்புடன் விலைக்கு வந்தன.

இந்நிலையை மாற்றியது 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கை. மரபணு வளங்கள் மீது அவ்வந்நாட்டுக்கே இறையாண்மை உண்டு என்றும், விவரமறிந்து தரப்படும் முன்இசைவும் இரு தரப்பும் ஒப்பிய நிபந்தனைகளும் இன்றியமையாதவை என்றும் அது வகுத்தது. அமெரிக்கா கையெழுத்திட்டும் இன்றுவரை இதை ஏற்புறுதி செய்யவில்லை. உயிர்த்தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு வெளியே இருப்பது இதன் பெருங்குறை.

பயன் பகிர்வுக் கொள்கையின் நடைமுறைச் சிக்கல்களை அகத்தியமலைக் காணிப் பழங்குடியினரின் பட்டறிவு காட்டுகிறது. களைப்பு நீங்க அவர்கள் உண்ட ஆரோக்கியப் பச்சை என்னும் செடியின் கனியை 1987இல் ஆய்வாளர்கள் அறிந்துகொண்டனர். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் தயாரிப்பு உரிமத்தைத் திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் கோவை நிறுவனமொன்றுக்கு வழங்கி, வருவாயில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. பணத்தைப் பெற 1997இல் அமைந்த அறக்கட்டளை கேரளக் காணிகளின் பெயரில் இருந்தது. ஆனால் அம்மக்கள் மலையின் தமிழ்நாட்டுச் சரிவிலும் வாழ்கின்றனர். அறிவின் உரிமையாளர் யார் என்ற வினாவுக்கு மாநில எல்லை விடையாகாது.

இந்தியா 2002இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றி, சென்னையில் தேசியப் பல்லுயிர் ஆணையத்தை நிறுவியது. கோதுமை, நெல் போன்ற பயிர்களின் மூதாதை ரகங்கள் பல நாடுகளில் விரவிக் கிடப்பதால் நாடுதோறும் தனித்தனியே இசைவு பெறுவது கடினம். எனவே பயிர் மரபணு வளங்களுக்கான 2001ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்பாடு 64 வகைப் பயிர்களுக்குப் பொதுப் பரிமாற்ற முறையை ஏற்படுத்தியது. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த, பல்லுயிர் உடன்படிக்கையின் நகோயா நெறிமுறையோ, வளம் முறையாகப் பெறப்பட்டதா எனப் பயன்படுத்தும் நாடும் கண்காணிக்க வேண்டும் என்றது.

இவையனைத்தும் விதையோ இலையோ எல்லை கடப்பதை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மரபணுவின் வரிசைத் தகவல் கணினியில் பதிவானபின் பொருள் நகரத் தேவையில்லை. இசைவு கேட்கும் இடமும் மறைகிறது. இதனை எதிர்கொள்ள 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் உடன்படிக்கை மாநாடு, அத்தகவலால் ஆதாயம் பெறும் பெருநிறுவனங்கள் இலாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு செலுத்தத்தக்க காலி நிதியத்துக்கு வகை செய்தது. அது 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆயினும் செலுத்துவது கட்டாயமன்று.