அண்ணல் எடுத்தாண்ட கிரேக்க வரலாறு

மதுரைக்கு யவனர் புதியவரல்லர். மதில் வாயிலில் வாளேந்திக் காவல் நின்ற யவனரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆயினும் அவர்தம் அரசியல் வரலாறு நம் மக்களின் வாழ்வைத் தொட்டது அண்ணல் அம்பேத்கரின் சொற்பொழிவு ஒன்றினாலேயே ஆகும்.

1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அண்ணல், 'அரசியலமைப்பு அறநெறி' என்னும் தொடரை எடுத்தாண்டார். இத்தொடர் பண்டைக் கிரேக்கர் எவருடைய வாக்குமன்று. கிரேக்க வரலாற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் குரோட்டினுடையது. ஏதென்சு நகரத்துக் கிளைஸ்தனிஸ் செய்த சீர்திருத்தத்தை விளக்குமிடத்து அவர் எழுதியது. அண்ணலும் குரோட்டின் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார்.

கிளைஸ்தனிஸ் செய்தது யாது? கி.மு. 508ஐ ஒட்டி, பிறப்புவழி அமைந்த நான்கு குலங்களின் அரசியல் இடத்தை அகற்றி, கடற்கரை, நகரம், உள்நாடு மூன்றையும் கலந்து பத்துப் புதிய பிரிவுகளை வகுத்தார். குடிமக்கள் ஊர்ப்பெயரால் அறியப்படலாயினர். புதிதாய்க் குடியுரிமை பெற்றோரைத் தந்தை பெயர் காட்டிக்கொடுத்துவிடலாகாது என்பதே நோக்கமென அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூல் கூறும். பெயரைக் கேட்டு, தந்தை பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டபின் திண்ணையைக் காட்டும் ஊர்களை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அந்த ஏதென்சிலும் அடிமைக்கும் பெண்ணுக்கும் வாக்கில்லை என்பது வேறு.

அரசியலமைப்பை மதிக்கும் பழக்கம் பெரும்பான்மையோரிடம் மட்டுமன்றிச் சமூகம் முழுவதிலும் பரவ வேண்டும் என்றார் குரோட். அண்ணலோ, அது இயல்பாய் வருவதன்று, பயிற்றி வளர்க்கத் தக்கது, நம் மக்கள் அதனை இன்னும் கற்கவில்லை என்றார். நிர்வாக விவரங்களையெல்லாம் வரைவில் சேர்த்தது ஏன் என்று குறைகூறியோர்க்கு அவர் அளித்த விடை இது. அவையை அழகு செய்யச் சொன்ன மேற்கோள் அன்று.

மதுரைச் சமவெளிக்கு வருவோம். மேலூரை அடுத்த மேலவளவில், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் சென்ற ஐவரும் 1997 சூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பதவி சட்டப்படி வந்தது. வாக்கும் சட்டப்படி விழுந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலோ 1996 முதல் தேர்தலே மீண்டும் மீண்டும் முடக்கப்பட்டது. வேட்பாளர் இல்லை, இருந்து வென்றவரும் உடனே பதவி விலகினார். அவ்வூர்களில் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றது 2006 அக்டோபரில்.