தில்லி குரங்கு மனிதன்

தில்லி குரங்கு மனிதன் என்பது 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியின் கிழக்குப் புறநகர்களிலும், அவற்றை ஒட்டிய காசியாபாத், நொய்டா பகுதிகளிலும் இரவு நேரத்தில் வந்து மக்களைப் பிறாண்டியதாகச் சொல்லப்பட்ட உருவம். இந்தியில் அதற்குக் 'காலா பந்தர்' என்று பெயர். கருங்குரங்கு என்று பொருள். தமிழ்ச் செய்தித்தாள்கள் 'குரங்கு மனிதன்' என்று எழுதின. அந்த உருவத்தை யாரும் பிடித்ததில்லை, நம்பத்தக்க படமும் இல்லை. ஆனாலும் அதற்கு அஞ்சி ஓடி மாடியிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விழுந்து இருவர் இறந்தார்கள். மூவர் என்று சொல்லும் செய்திகளும் உண்டு. ஒரு மாநகரமே அடுத்தடுத்துப் பல இரவுகள் கண் மூடாமல் கிடந்தது.

முதல் புகார்கள் மே மாதத்தின் முற்பாதியில் காசியாபாத்திலிருந்து வந்தன. அங்கிருந்து பேச்சு யமுனைக்குக் கிழக்கேயுள்ள தில்லிக் குடியிருப்புகளுக்குத் தாவியது. மாதத்தின் நடுவில் காவல்துறையின் 100 என்ற எண்ணுக்கு இரவெல்லாம் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. மொத்தத்தில் 350க்கு மேற்பட்ட முறை உருவத்தைக் கண்டதாகவும், ஏறத்தாழ 60 பேர் காயம்பட்டதாகவும் புகார்கள் பதிவாயின. இறந்தவர்களில் ஒருவர் கர்ப்பிணி. 'வந்துவிட்டது' என்ற கூச்சல் கேட்டு எழுந்து ஓடியபோது படிக்கட்டில் உருண்டு விழுந்தார்.

கண்டதாகச் சொன்னவர்களின் வருணனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெரும்பாலோர் சொன்ன வடிவம் இது: நாலடி உயரம், உடலெங்கும் அடர்ந்த கருமயிர், சிவப்பாக ஒளிரும் கண்கள், உலோக நகங்கள், தலையில் இரும்புக் கவசம், நெஞ்சில் மூன்று பொத்தான்கள். வேறு சிலர் எட்டடி உயரம் என்றார்கள். நரிமூஞ்சி என்றும், ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு ஒரே பாய்ச்சலில் தாண்டும் என்றும் சொன்னவர்கள் உண்டு. மூன்று பொத்தான்களைப் பற்றிய பேச்சுதான் வேகமாகப் பரவியது. பொத்தானை அமுக்கினால் மறைந்துவிடும் என்றார்கள். குரங்குக்குப் பொத்தான் எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது பதிலும் கூடவே வந்தது: அது குரங்கு இல்லை, யாரோ செய்து அனுப்பிய எந்திரம்.

இந்தக் கதை அந்த இடத்தில், அந்த மாதத்தில் வேர்பிடித்ததற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. மே மாதத் தில்லியில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். யமுனைக்குக் கிழக்கே அப்போது மின்வெட்டு அன்றாடம் நிகழ்ந்தது. விசிறி நின்றால் ஓரறை வீட்டுக்குள் படுக்க முடியாது. மாலையில் மொட்டை மாடித் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிச் சூட்டைத் தணித்து, பாயையும் கயிற்றுக் கட்டிலையும் போட்டு, வீட்டிலுள்ள அனைவரும் அங்கேயே உறங்குவார்கள். பக்கத்து மாடிக்கும் இந்த மாடிக்கும் இடையே முழங்கால் உயரச் சுவர்தான். சில மாடிகளுக்கு அதுவும் கிடையாது. தெரு முழுக்க இருட்டு. இப்படி ஒரு மாடியில் யாராவது அலறினால் அடுத்த பத்து மாடிகளும் எழுந்து ஓடும். இருட்டில் ஓடுகிறவரைப் பார்த்து அடுத்தவர் அலறுவார். அன்றைய சாவுகளும் காயங்களும் பெரும்பாலும் இப்படி நேர்ந்தவையே.

தில்லித் தமிழர்களுக்கும் இந்தச் சூழல் புதிதல்ல. கிழக்குத் தில்லியின் திரிலோக்புரி நெருக்கடிநிலைக் காலத்து மறுகுடியமர்வுப் பகுதி. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக அங்கு வாழ்கின்றன. யமுனைக்கு மேற்கே ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த மதராசி கேம்ப், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த குடிசைப் பகுதி. பீதியின் மையம் அங்கில்லை. ஆனால் பீதி பிடித்த குடியிருப்புகளின் அமைப்பை அறிய இத்தகைய இடங்களைப் பார்த்தாலே போதும்: ஒருவர் நடக்கும் அகலத்தில் சந்து, தகரமும் தார்ப்பாயும் கலந்த கூரை, கோடையில் வாசலிலேயே படுக்கை. பங்களாவில் குளிர்சாதனம் ஓட, கதவைத் தாழிட்டு உறங்கியவர்களிடம் குரங்கு மனிதன் போகவில்லை. புகார்களின் வரைபடம் ஏறக்குறைய வசதியின்மையின் வரைபடமாகவே இருந்தது.

செய்தி பரவிய விதமும் புதிது. 'ஆஜ் தக்' 24 மணி நேரச் செய்தி அலைவரிசையாகி அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கீறல் விழுந்த கையை ஒருவர் படக்கருவியின் முன் நீட்டிக் காட்டுவது மறுபடி மறுபடி ஒளிபரப்பானது. அடுத்த இரவில் புகார் சொன்னவர்கள் முந்தைய இரவு திரையில் கேட்ட அடையாளங்களையே சொன்னார்கள்.

காவல்துறை முதலில் இதை ஆள் ஒருவனின் குறும்பாகவே எடுத்துக்கொண்டது. தகவல் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவித்தது. நேரில் கண்டதாகச் சொன்னவர்களை வைத்து ஓவியங்கள் வரைந்து வெளியிட்டது. அவை ஒன்றுபோல் இல்லாதது மக்களுக்கு மேலும் குழப்பமானது. இரவு ரோந்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் இறக்கப்பட்டனர். அதிரடிப் படையும் வந்தது. பொய்யாக அழைத்தவர்கள் சிலர் கைதாயினர். தெருக்களில் இளைஞர்கள் கம்பும் கத்தியுமாக ராக்காவல் இருந்தனர். அவர்களிடம் சிக்கியவர்கள் அப்பாவிகள். நாலடி உயரமுள்ள நாடோடிச் சாமியார் ஒருவரைக் கூட்டம் அடித்துத் துவைத்தது. வேன் ஓட்டுநர் ஒருவருக்கு எலும்புகள் முறிந்தன. குரங்கு மனிதன் செய்ததாகச் சொல்லப்பட்ட எந்தக் கீறலையும்விட இவை பெரிய காயங்கள்.

தடயவியல் வல்லுநர்களும், ஷாதரா அருகிலுள்ள மனித நடத்தை மற்றும் துணை அறிவியல் நிறுவனத்தின் மனநல மருத்துவர்களும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஜூன் மாதத்தில் காவல்துறை முடிவைச் சொன்னது: அப்படி ஒரு விலங்கோ மனிதனோ எந்திரமோ இருந்ததற்கு ஆதாரம் இல்லை, இது கூட்டுப் பீதி. காயம்பட்டதாக வந்தவர்களைப் பரிசோதித்த கிழக்குத் தில்லி மருத்துவர்களின் கட்டுரை 2003இல் இந்திய மருத்துவ அறிவியல் இதழில் வெளியானது. அதுவும் இதே முடிவுக்கு வந்தது. காயங்களில் பெரும்பாலானவை மேலோட்டமான சிராய்ப்புகள். எலிக்கடி, ஆணி, கட்டில் கால், விழுந்து எழுந்த வேகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போதும் அவற்றுக்கு. அரைத்தூக்கத்தில் உடல் அசையாமல், நெஞ்சின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோல் தோன்றும் அனுபவத்தைத் தமிழ்நாட்டில் 'அமுக்குவான் பேய்' என்பார்கள். மருத்துவம் உறக்க வாதம் என்கிறது. தூக்கம் கெட்டுக் கெட்டு வரும் இரவுகளில் அது மிகும்.

கூட்டுப் பீதி என்ற சொல் ஒன்றை மட்டும் விளக்காது: பேய் பிசாசு என்று சொல்லியிருக்கக்கூடிய மக்கள் ஏன் எந்திரம் என்றார்கள்? அந்நாளில் பரவிய விளக்கங்களில் அனுமனின் அவதாரம் என்பதும் இருந்தது. ஆனால் செல்வாக்குப் பெற்றது, பாகிஸ்தானின் உளவு நிறுவனமான ஐ.எஸ்.ஐ. சோதித்துப் பார்க்கும் கருவி என்ற பேச்சே. கார்கில் போர் முடிந்து இரண்டு ஆண்டு, 2000 டிசம்பரில் செங்கோட்டைத் தாக்குதல் நடந்து ஐந்து மாதம். எதற்கும் ஐ.எஸ்.ஐ.யைக் காரணம் காட்டுவது அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பழகியிருந்த காலம் அது. மக்கள் அந்தச் சொல்லைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை.

இரகசியச் சோதனை என்ற ஐயத்துக்குத் தில்லியில் பழைய வரலாறும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் நடத்திய கொசு மரபியல் கட்டுப்பாட்டு அலகு 1970களின் தொடக்கத்தில் தில்லியில் இயங்கியது. மலடாக்கிய ஆண் கொசுக்களைச் சுற்றுப்புறக் கிராமங்களில் விட்டுக் கொசு இனப்பெருக்கத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது அதன் வேலை. இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்று 1974இல் செய்தி வெளியாகி, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையாகக் கண்டித்தது. சோனிபத்தில் நடக்கவிருந்த சோதனை கைவிடப்பட்டது, அலகும் மூடப்பட்டது. உயிரியல் போர் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கிராமத்தாருக்குத் தெளிவாகச் சொல்லாமல் அவர்கள் ஊரில் எதையோ விட்டார்கள் என்ற நினைவு தங்கிவிட்டது.

குரங்கு மனிதனுக்கு முன்னோடியும் பின்வந்தவர்களும் உண்டு. 1837-38இல் இலண்டனின் புறநகர்களில் பெண்களைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட 'ஸ்பிரிங் ஹீல்ட் ஜாக்' என்பவனுக்கும் உலோக நகங்கள், நெருப்புக் கண்கள், தலைக்கவசம், மதில் தாண்டும் பாய்ச்சல். 160 ஆண்டு இடைவெளியில் இரு நகரங்கள் ஏறத்தாழ ஒரே உருவத்தைப் படைத்திருப்பது வியப்புதான். அங்கே பழி பணக்கார இளைஞர்களின் பந்தயத்தின்மேல் விழுந்தது.

உத்தரப் பிரதேசத்தில் 2002 கோடையில் 'முஹ்னோச்வா', அதாவது முகம் பிறாண்டி, வந்தது. ஒளி வீசிப் பறந்து முகத்தைக் கீறும் பொருள் என்றார்கள். தேசவிரோதிகள் மரபணு மாற்றி அனுப்பிய பூச்சி என்று உயர் காவல் அதிகாரி ஒருவரே விளக்கம் தந்தார், ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஒருவர் பந்து மின்னல் என்றார். அதைப் பிடித்துத் தரச் சொல்லித் திரண்ட கூட்டத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார்.

ஈழத்துத் தமிழர் அனுபவம் இவற்றிலிருந்து வேறுபட்டது. 2011 ஆகஸ்டில் இலங்கையின் கிழக்கிலும் வடக்கிலும், உடம்பெல்லாம் கிரீஸ் பூசிய ஆட்கள் இரவில் வீடு புகுந்து பெண்களைத் தாக்குவதாகப் புகார்கள் எழுந்தன. 'கிறீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்று அவர்களைச் சொன்னார்கள். பொத்துவில், கிண்ணியா, காத்தான்குடி, யாழ்ப்பாணம் என்று பதற்றம் பரவியது. புத்தளத்தில் காவலர் ஒருவர் கூட்டத்தால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில், துரத்தப்பட்டவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடினார்கள் என்று மக்கள் திரண்டனர். இரவோடு இரவாகப் படையினர் வீடு புகுந்து நூறு பேர் அளவில் கைது செய்தனர். அடிபட்டவர்கள் பலர் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். இராணுவம் தொடர்பை மறுத்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டு. தெருமுனைதோறும் படை நின்ற ஊரில், பூதத்தின் பின்னால் புலனாய்வுத் துறை இருக்கிறது என்று நினைத்தவர்களைத் தில்லி மாடிவாசிகளோடு ஒரே கணக்கில் சேர்த்துவிட முடியாது. தில்லியில் புகார் சொன்னவர்களுக்குக் காவலுக்கு ஆள் அனுப்பினார்கள். நாவாந்துறையில் புகார் சொன்னவர்களே கைதிகளானார்கள்.

தில்லிக் கதை திரைக்கும் போனது. ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா இயக்கி ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 'தில்லி 6' (2009) படத்தில் காலா பந்தர் பழைய தில்லித் தெரு ஒன்றைப் பிளவுபடுத்தும் வதந்தியாக வருகிறது. நிகழ்வு நடந்த யமுனைக் கரைக் குடியிருப்புகள் அதில் இல்லை. மதராசி கேம்பும் இன்று இல்லை; தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 வீட்டார் மட்டுமே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவர்களாக முதல் பட்டியலில் இருந்தனர்.

2001 மே மாதக் கடைசியில் அழைப்புகள் குறைந்து நின்றன. நகரத்தின் உண்மையான குரங்குகள் மட்டும் எங்கும் போகவில்லை. 2007 அக்டோபரில் தில்லித் துணை மேயர் எஸ்.எஸ்.பாஜ்வா தம் வீட்டு மாடியில் குரங்குக் கூட்டத்தை விரட்டும்போது தவறி விழுந்து, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.