தொட்டிலும் தொழிலும்

உழவே உலகின் பெருந்தொழிலாக இருந்த காலத்தில், தாய் செய்யும் வேலைக்கும் அவள் பெற்ற பிள்ளைக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்ததில்லை. களை பிடுங்கும் பெண் வயலோரத்து மரக்கிளையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்துவாள். அழுகை கேட்டால் வரப்பேறி வந்து பாலூட்டி மீள்வாள். பாய் இழைப்பவளும், நெற் குற்றுபவளும், நூல் நூற்பவளும் பிள்ளையின் உறக்கத்தையும் விழிப்பையும் கணக்கிற்கொண்டே தத்தம் வேலையை வகுத்துக்கொண்டனர். உழைப்புக் கடியதுதான், வறுமையும் கொடியதுதான். எனினும், வேலையை இடையில் நிறுத்தி எழுந்து செல்லும் வாய்ப்புப் பெரும்பாலும் அவர்களுக்கு இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் எழுந்த பஞ்சாலைகள் இந்த வாய்ப்பைப் பறித்தன. நீராற்றலாலும் நீராவியாலும் இயங்கிய பொறி, குழந்தை அழுகிறது என்பதற்காக நிற்பதில்லை. ஆலை மணி ஒலித்ததும் உள்ளே செல்லவேண்டும்; மீண்டும் ஒலித்த பின்னரே வெளியே வரலாம். அன்றுமுதல் தாயின் நாளை இரண்டு மணிகள் ஆளத் தொடங்கின. ஒன்று தொழிலின் மணி. மற்றது பிள்ளையின் பசி. இவை இரண்டும் முரண்படும்போது அந்த இடைநேரத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதே, கடந்த இரு நூற்றாண்டுகளின் தொழில் வரலாற்றில் ஓசையின்றித் தொடர்ந்து வந்துள்ள வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டவர்களுள் றொபேட் ஓவன் முதன்மையானவர். ஸ்கொத்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையிலே அமைந்த நியூ லனார்க் பஞ்சாலைக் கிராமத்தை அவர் நிருவகித்து வந்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்திய அவர், 1816ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அங்கு ஒரு கல்விக்கூடத்தைத் திறந்துவைத்தார். நடக்கத் தொடங்கிய பருவத்துக் குழந்தைகளும் அதிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். புத்தகத்தைத் திணித்து அவர்களை வருத்தலாகாது. பாட்டும் ஆட்டமும் திறந்தவெளி விளையாட்டுமே அவர்தம் பாடம் என்பது ஓவனின் கட்டளை. பிள்ளைகளின் பண்பு வளர்ச்சியே அவர் கருதிய பெருநோக்கம். ஆயினும், பெற்றோர் கவலையின்றி ஆலைக்குச் செல்ல முடிந்ததும் அதனால் விளைந்த பயனேயாம். வேலை நாளையும் அவர் பத்தரை மணித்தியாலமாகக் குறைத்தார். இலாபம் அழிந்துபோகவில்லை. ஆனால், நியூ லனார்க்கைக் காண வந்து வியந்து சென்றவர் பலர். அதனைத் தம் ஆலையிற் பின்பற்றியவர் சிலரே.

பாரிஸ் நகரிலே இதே வினா வேறு வடிவில் எழுந்தது. நகராட்சிப் பகுதியொன்றில் துணைத் தலைவராகப் பணியாற்றிய பிர்மன் மார்போ என்பார், இரண்டு வயது தொடக்கம் பிள்ளைகளை ஏற்கும் பாடசாலைகள் இருப்பதைக் கண்டார். அதற்கு முற்பட்ட கைக்குழந்தைக்கு ஓரிடமும் இல்லாமையையும் கண்டார். 1844ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஷாயோ என்னும் பகுதியில் அவரது முயற்சியால் முதலாவது குழந்தைக் காப்பகம் திறக்கப்பட்டது. தாய் வேலைக்குச் செல்லும் வழியிற் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள். பகலில் வந்து பாலூட்டிச் செல்வாள். மாலையில் அழைத்துச் செல்வாள். நாளொன்றுக்கு இருபது சந்தீம் கட்டணம். எஞ்சிய செலவை அறச்சிந்தையுடையோர் ஏற்றனர். யேசு பாலன் கிடத்தப்பட்ட தீவனத் தொட்டியைக் குறிக்கும் ‘கிரெஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அக்காப்பகத்துக்குப் பெயராயிற்று. பின்னர் அப்பெயர் உலகெங்கும் பரவி, இலங்கையின் தேயிலை மலைகளையும் வந்தடைந்தது.

இலங்கையின் வரலாறு இங்குத் தனியே நோக்கத்தக்கது. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் ஆடவர். பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோர் அவர்களுட் பலர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் ஒன்றில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை தளிர்விடும் செடியிலிருந்து ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்தாகவேண்டும். கொய்ததை அன்றே ஆலைக்கு அனுப்பவேண்டும். ஆகவே, வந்துபோகும் ஆடவரைவிடத் தங்கி வாழும் குடும்பங்களே தோட்டங்களுக்குத் தேவைப்பட்டன. கொழுந்து கொய்யும் வேலை பெண்களின் வேலையாயிற்று. அவ்வாறு, குடும்பம் முழுவதும் லயத்தில் நிலைபெற்ற அன்றே பிள்ளைப் பராமரிப்பு என்னும் வினாவும் மலைநாட்டில் நிலைபெற்றது.

வயலில் ஏணை கட்டிய தாய்க்கு இருந்த வழி கொழுந்து கொய்யும் தாய்க்கு இல்லை. முதுகிலே கூடை தொங்கும். பிள்ளைக்கு அங்கே இடமில்லை. செங்குத்தான சரிவிலும், அட்டை கடிக்கும் ஈரத்திலும், மழையிலும் குழந்தையைக் கிடத்துதலும் இயலாது. விடியலில் பிரட்டுக்களத்துக்குப் போய்ச் சேரவேண்டும். நிறுவை நேரங்களும் கணக்கப்பிள்ளையின் ஏடுமே அவளுடைய நாளை வகுத்தன. இந்நிலையிலேதான் தோட்டங்களிற் ‘பிள்ளைக் காம்பரா’ என்றும் ‘பிள்ளை மடுவம்’ என்றும் வழங்கிய காப்பகங்கள் தோன்றின. வளையிலே வரிசையாய்த் தொங்கும் துணித் தொட்டில்கள். அவற்றை ஆட்டிவிட, மலையேற வலுவிழந்த மூதாட்டி ஒருத்தி. இவையே பல தோட்டங்களிற் பழைய பிள்ளைக் காம்பராவின் தோற்றம். அருளும் அதனுள் இருந்திருக்கலாம். ஆனால் கொழுந்து தவறாமல் ஆலைக்கு வந்து சேரவேண்டும் என்ற தேவையும் இருந்தது.

பிள்ளைக் காம்பரா போதாத இடத்தில், அல்லது அதன்மீது தாய்க்கு நம்பிக்கை இல்லாத இடத்தில், குழந்தையை யார் பார்த்தார்? பாட்டி இருந்தால் பாட்டி பார்த்தாள். இல்லையேல், எட்டு வயதோ பத்து வயதோ ஆன மூத்த பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி வசதி அளித்தல் வேண்டும் என 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. ஆயினும், சட்டம் திறந்த பாடசாலைக் கதவை வீட்டுத் தொட்டில் மூடிவிட்டது. தோட்டப் பெண்கள் நெடுங்காலம் எழுத்தறிவிற் பின்தங்கியிருந்தமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. வேலை நேரத்துக்கும் பிள்ளையின் நேரத்துக்கும் இடையிலான பற்றாக்குறைக்கு விலை கொடுத்தவள் ஒரு சிறுமி. அவள் கொடுத்த விலை அவளது கல்வி.

இனி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வருவோம். ஆடவர் போர்முனைக்குச் சென்றனர்; தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். அதுவரை ‘இயலாது’ என்று சொல்லப்பட்ட பலவும் திடீரென இயல்வனவாயின. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலிருந்த கைசர் கப்பல் தளங்களில் 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டு காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஒன்றரை வயது தொடக்கம் ஆறு வயது வரையான பிள்ளைகளை அவை ஏற்றன. கப்பல் தளத்திலே இரவும் பகலும் மூன்று முறைகளாக வேலை நடந்தது. ஆகவே காப்பகமும் இரவும் பகலும் திறந்திருந்தது. அதுவும் ஊரின் ஒரு மூலையில் அன்று; தளத்தின் வாயிலருகே தாயும் தந்தையும் கடந்து செல்லும் வழியிலேயே அமைந்திருந்தது. கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் அங்கே அமர்த்தப்பட்டனர். சிறு நோயுற்ற பிள்ளைக்குத் தனியறை இருந்தது. வேலை முடிந்து களைத்து வரும் தாய், முன்கூட்டியே சொல்லிவைத்தால், பிள்ளையோடு சமைத்த இரவுணவையும் பெற்றுச் செல்லலாம். தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 75 சதமும், அதே குடும்பத்து அடுத்த பிள்ளைக்கு 50 சதமும் கட்டணமாக அறவிடப்பட்டன. எஞ்சிய செலவு கப்பல் கட்டும் செலவோடு சேர்க்கப்பட்டு, இறுதியில் அரசின் பொறுப்பாயிற்று. மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அக்காப்பகங்களில் வளர்ந்தனர்.

1945இற் போர் முடிந்தது. அவ்வாண்டிலேயே அவ்விரு காப்பகங்களும் மூடப்பட்டன. கூட்டாட்சி அரசின் நிதியுதவியால் நாடெங்கும் நடந்த ஏனைய காப்பகங்களுக்கான உதவியும் 1946இல் நின்றது. கலிபோர்னியா மாநிலத்துத் தாய்மாரும் பிறரும் விடாது கோரியதனால் அம்மாநிலம் தன் நிதியிலிருந்து அவற்றை நடத்தியது. 1957இல் அவ்வேற்பாட்டை நிலையானதாகவும் ஆக்கியது. பிரித்தானியாவிலும் போர்க்காலத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. 1945 டிசம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரிய இடம் தாயிருக்கும் வீடே என அறிவுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. நேற்றுவரை நாட்டைக் காக்க வருமாறு அழைக்கப்பட்ட தாய், இன்று வீட்டைக் காக்கப் போகுமாறு பணிக்கப்பட்டாள். பிள்ளை மாறவில்லை, தாய் மாறவில்லை, மாறியது தொழிலின் தேவையே.

அத்தேவை மீண்டும் எழ நெடுங்காலம் செல்லவில்லை. 1947இலேயே பிரித்தானிய அரசு, ஆட்பற்றாக்குறை காரணமாகப் பெண்களை மீண்டும் வேலைக்கு அழைத்தது. இம்முறை காப்பகம் பெருகவில்லை; வேலை நேரமே துண்டாடப்பட்டது. இலண்டனின் பேர்மண்ட்சிப் பகுதியில் இருந்த பீக் பிரீன் பிஸ்கட்டுத் தொழிற்சாலை, காலையில் சில மணித்தியாலம், பிற்பகலில் சில மணித்தியாலம், மாலையில் சில மணித்தியாலம் எனப் பகுதிநேர முறைகளை வகுத்தது. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிய தாய் பகலில் வந்தாள். கைக்குழந்தையுடையவள், கணவன் வீடு திரும்பியதும் குழந்தையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு மாலை முறைக்கு வந்தாள். பேள் ஜெப்கொற் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் இப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 1962இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதே காலத்தில், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் விரிவடைந்த பாடசாலை மதியவுணவுச் சேவையும் பல தாய்மாருக்கு வேலை அளித்தது. பிள்ளை பாடசாலைக்குச் செல்லும் நாளில் வேலை, விடுமுறையில் வேலையில்லை. பிள்ளையின் நாட்குறிப்பும் தாயின் நாட்குறிப்பும் அங்கே ஒன்றாயின.

இஃது ஒரு நற்பேறே. ஆனால், விலையில்லாத பேறன்று. பகுதிநேர வேலைக்கு ஊதியம் குறைவு. பதவியுயர்வுக்கு வழியும் குறுகியது. மாலை முறைக்குச் சென்றவள் பகல் முழுவதும் வீட்டு வேலை செய்துவிட்டே சென்றாள். தொழிற்சாலை தன் நேரத்தை வளைத்தது மெய். அவ்வளைவின் பாரத்தைத் தாங்கியது தாயின் உறக்கமும் அவளது எதிர்கால ஊதியமுமே.

சலுகை தேவையோடு வரும்; தேவையோடு போகும். சட்டமோ அத்துணை எளிதில் மறைவதில்லை. 1919ஆம் ஆண்டு வாஷிங்டனிற் கூடிய அனைத்துலகத் தொழில் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துள் நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் ஓய்வு அளித்தல் வேண்டும் என உடன்படிக்கை இயற்றியது. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்ணையும் தன் காப்பினுள் கொண்டது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட திருத்தங்களின்படி, ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இருமுறை பாலூட்டும் இடைவேளை உரியதாயிற்று. காப்பகம் இருக்குமிடத்து ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையலாகாது. இல்லாவிடத்து ஒரு மணித்தியாலத்துக்குக் குறையலாகாது. பிரட்டுக்களத்து நேரத்துக்கு நடுவே பிள்ளையின் பசிக்கும் ஒரு நேரத்தை ஏட்டில் எழுதிவைத்த சிறப்பு இச்சட்டத்துக்கு உண்டு.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டங்களிற் சமநாட்சம்பளம் என்பது 1984இல் வந்தது. ஆனால் நாளின் நீளம் அதனாற் சமமாகிவிடவில்லை. குறித்த அளவு வேலையை முடித்த ஆடவன் பல தோட்டங்களிற் பிற்பகலின் தொடக்கத்திலேயே வீடு திரும்புவான். கொழுந்து கொய்பவள் மாலை நிறுவை முடிந்தே திரும்புவாள். வீட்டில் அடுப்பும் பிள்ளையும் அவளுக்காகவே காத்திருக்கும். பிள்ளை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரிய பொறுப்பு என்ற பழைய எண்ணத்தை அனைத்துலகத் தொழிற் சட்டம் கடக்கவே 1981 வரை காலம் சென்றது. குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர் பற்றிய 156ஆம் இலக்க உடன்படிக்கையே, அப்பொறுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது என முதன்முதல் வரையறுத்தது.

இன்று பிள்ளைக் காம்பரா பல தோட்டங்களிற் சிறுவர் அபிவிருத்தி நிலையமாக உருமாறியுள்ளது. பயிற்சி பெற்றோர் அங்கே பணிபுரிகின்றனர். நகரத்திலோ, வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை செய்யும் பெற்றோர், பண்டைய நெசவாளியைப்போல வேலையையும் பிள்ளையையும் ஒரே கூரையின்கீழ் மீண்டும் காண்கின்றனர். ஆயினும், மருத்துவமனையில் இரவுக் கடமை பார்க்கும் தாதிக்கும், ஆடைத் தொழிற்சாலையில் தையற்பொறி இயக்கும் பெண்ணுக்கும், தொலைதூரப் பேருந்தைச் செலுத்தும் தந்தைக்கும் அவ்வழி இல்லை. அவர்களுக்கு இரண்டு மணிகளின் முரண்பாடு இன்றும் உண்டு.

இவ்வரலாறு கூறும் உண்மை எளியது. வேலை நேரம் ஞாயிற்றின் உதயத்தைப்போல இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது, வேண்டியபோது அவர்களே அதனை வளைத்தும் இருக்கின்றனர். பிள்ளையைப் பார்க்கும் நேரமும் எங்கிருந்தோ விலையின்றி வருவதன்று. அதனை முதலாளி கொடுக்கலாம், அரசு கொடுக்கலாம், தந்தையும் தாயும் பகிர்ந்துகொள்ளலாம். இவர்களுள் ஒருவரும் கொடுக்காதபோது, பாட்டியின் முதுமையிலிருந்தோ, தாயின் உறக்கத்திலிருந்தோ, அக்காளின் பாடப்புத்தகத்திலிருந்தோ அது எடுக்கப்படும். பாடசாலை வரவேட்டில் ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே நாள்தோறும் வரவின்மை குறிக்கப்படுமாயின், அவள் வீட்டுத் தொட்டிலை ஆட்டுபவர் யார் என்று வினவுதல் ஆசிரியரின் கடமை. அத்தொட்டிலுக்கு வேறொரு கையைத் தேடிக் கொடுத்தல் சமுதாயத்தின் கடமை.